ஜன்னலை அடைக்காதிருங்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டுகளைக் குறித்தும் நோயாளிகளைக் குறித்தும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று பள்ளிக்கூட ஜன்னலைக் குறித்துப் பேச விரும்புகிறோம். இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை. நம்முடைய பழைய வார்டுகளில் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் ஜன்னல்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அது அலங்காரத்துக்காக வைத்ததல்ல. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட நர்சிங் நூலில், நோயாளியின் தேவைகளில் சுத்தமான காற்றுக்கு அடுத்த இடத்தை வெளிச்சத்துக்கே கொடுத்தார். அக்காலத்தில் ஆஸ்பத்திரி கட்டினவர்கள் அதற்குச் செவிகொடுத்தார்கள்.

ஏறக்குறைய அதே நாட்களில், பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் பள்ளி பள்ளியாகச் சென்று 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கண்களைச் சோதித்தார். 1867-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை நூற்றுக்கு 2 பேருக்குக்கூட இல்லை. நகரத்து உயர்நிலைப் பள்ளிகளிலோ நூற்றுக்கு 26 பேருக்கு இருந்தது. குறுகிய தெருவில், எதிர்க் கட்டடத்தின் நிழலில் நின்ற பள்ளிகளில் தொல்லை அதிகமாயிருந்தது. சரியில்லாத மேசை பெஞ்சும் போதாத வெளிச்சமுமே காரணம் என்றார் அவர். பின்வந்த மருத்துவர்களில் பலர், "இது பரம்பரையாக வருவது" என்று சொல்லி அவர் பேச்சை ஓரங்கட்டிவிட்டார்கள். நெடுங்காலம் அது ஓரத்திலேயே கிடந்தது.

மறுபடி அதைக் கையில் எடுத்தவர்களில் கீழ்த்திசை நாட்டவர்களும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் 2013 வரை 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை அன்றாடம் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே அழைத்துச் சென்றார்கள். மற்ற 6 பள்ளிகளில் வழக்கம்போல் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வெளியே போன பிள்ளைகளில் நூற்றுக்கு 30 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல். செலவோ மருந்தோ இல்லாமல் இவ்வளவு வித்தியாசம்! பகல் வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோப்பமின் என்ற பொருள் சுரந்து, கண்விழி அளவுக்கு மீறி நீண்டு வளராதபடி தடுக்கிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். ஜன்னல் வெளிச்சம் முற்றத்து வெளிச்சத்துக்கு ஈடாகாது. நல்ல வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே திருப்தி. வெளியே மர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸை எட்டும். ஆகவே ஜன்னல் வைத்துவிட்டோம், இனி விளையாட்டு பீரியட் வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் முற்றம் ஒரு மணி நேரத்துக்குத்தான். வகுப்பறை ஐந்து மணி நேரத்துக்கு.

ஒரு பள்ளியில் கண் முகாம் நடத்தினோம். பள்ளியின் பெயர் வேண்டாம். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கடைசி பெஞ்சு. "படிப்பு ஏறவில்லை ஐயா" என்றார் டீச்சர். வகுப்பறைச் சுவரில் மாட்டிய அட்டையில் கீழ் மூன்று வரிகளையும் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை. எங்கள் நர்ஸ் அட்டையைக் கழற்றி வராந்தாவில் மாட்டி, அதே தூரம் அளந்து நிற்கவைத்தார். ஒரே ஒரு எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள்! கண்ணாடி தேவைப்படவில்லை. வகுப்பறையின் இரண்டு ஜன்னல்களை மறைத்து ஒரு பழைய பீரோ நின்றது. அதை நகர்த்த நான்கு ஆட்களும் பத்து நிமிஷமும் போதுமானதாயிருந்தது.

கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பு எத்தனை அடி உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் அறைக்குள் உருப்படியாகச் செல்லும். 7 அடி லிண்டல் என்றால் 14 அடி, மிஞ்சினால் 17. அறையின் அகலம் 20 அடியானால் எதிர்ச்சுவரை ஒட்டி உட்காருகிற பிள்ளைக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஜன்னல் அகலமாயிருப்பதைவிட உயரமாயிருப்பது நல்லது. எதிர்ப் பக்கமும் இருந்தால் மிகவும் நல்லது. கூரையும் சுவரும் வெள்ளையடித்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு வடக்கும் தெற்கும் ஏற்றவை. மேற்கு ஜன்னலில் மத்தியானம் அடுப்புபோல் அடிக்கும், கரும்பலகையும் கண்ணைக் கூசும்.

அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு மாவட்டத்தில், பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரே வருஷத்தில் கணக்கில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறினார்கள் என்றது அது. 2003-ல் வேறொரு மாவட்டத்தில் பார்த்தபோது அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. கூசும் வெயில் விழுந்த வகுப்புகள் பின்தங்கின. எனவே மார்க் கூடும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதற்கில்லை. பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவேண்டும் என்பதற்கு ஆய்வு தேவையுமில்லை.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறோம். உங்களில் சிலர் சேர்ந்து, வளாகத்துப் பள்ளிக்கு இரண்டு புதிய அறைகள் கட்டித்தர முன்வந்திருக்கிறீர்கள். நன்றியுடன் ஏற்றுக்கொண்டோம். ஆனால் வரைபடத்தில் அவை பழைய கட்டடத்தின் வடக்குச் சுவரை ஒட்டி வருகின்றன. அந்தச் சுவரில் ஆறு ஜன்னல்கள். இரண்டு அறை பெறுவதற்காக மூன்று அறைகள் இருண்டுபோகும். விலகிக் கட்டினால் ஒரு சுவரும் அஸ்திவாரமும் கூடும், முற்றமும் சற்றுக் குறையும். அதிலும் எங்களுக்கு வருத்தமுண்டு. மாடியில் கட்டலாமா என்று பொறியாளரைக் கேட்டிருக்கிறோம்.

கட்டடக் குழு வருகிற இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறது. அதற்குமுன் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு வந்து, விளக்கைப் போடாமல், வடக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கடைசி பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது.