லைக்குக்கு ஏது வாக்குச்சாவடி?



2018-ல் மத்தியப் பிரதேசத்தில் சட்டமன்றத் தேர்தல். காங்கிரசில் சீட் கேட்டவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. பேஸ்புக்கில் 15,000 லைக் காட்டு, ட்விட்டரில் 5,000 பேரைக் காட்டு, அப்புறம் சீட் கேள் என்றார்கள்! சில நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். தாள்தான் திரும்பியது, அந்தப் புத்தி இன்னும் ஊரூராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் சீட் கேட்டு வருகிறவர் மனுவை நீட்டுவதற்கு முன்னால் செல்போனை நீட்டுகிறார்.

2024 நவம்பர். மும்பை வெர்சோவா தொகுதியில் நடிகர் அஜாஸ் கான் நின்றார். இன்ஸ்டாகிராமில் அவர் பின்னால் 56 லட்சம் பேர். எண்ணி முடித்தார்கள். எத்தனை தெரியுமா? 155 ஓட்டு! நோட்டா அவரைவிடப் பல மடங்கு வாங்கியது. அந்த 56 லட்சமும் போலி என்று நான் சொல்லவில்லை. அத்தனையும் ரத்தமும் சதையுமான ஆட்களாகவே இருக்கட்டும். ஒருவர் லக்னோவில் இருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவருக்குப் பதினாறு வயது, ஒருவர் அவரைத் திட்டுவதற்கென்றே பின்தொடர்வார். இவர்களில் வெர்சோவா வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் எத்தனை பேர்? எந்த ஆப் அதைச் சொல்லும்?

இணையத்து எண்ணிக்கையை ஓட்டென்று நம்புகிற இந்தக் குழியில் மெத்தப் படித்தவர்களும் விழுந்தார்கள். 2009-ல் ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தல். கட்சிப் பெயர் வரும் ட்வீட்டுகளை எண்ணினாலே வாக்கு விகிதம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும் என்று சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேறு சிலர் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் எழுதியவர்கள் நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே இருந்த கட்சிகளை மட்டுமே எண்ணியிருந்தார்கள்! இணையத்து இளைஞர்களின் பைரேட் கட்சியைச் சேர்த்ததும், அதுதான் முதலிடம். ட்விட்டர் கணக்குப்படி ஜெர்மனியை ஆண்டிருக்க வேண்டிய அந்தக் கட்சி வாங்கியது 2 சதவீதம். ஓர் இடம்கூட இல்லை.

பா.ஜ.க. செல்போனை வைத்துத்தானே ஜெயித்தது என்பார்கள். அவர்களோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு மேடைக்கு. ஆனால் அத்தனை சத்தம் போடுகிற கட்சி, வாக்காளர் பட்டியலின் பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஆளைப் போட்டு, 'பன்னா பிரமுக்' என்று பெயரும் வைத்திருக்கிறதே, எதற்காக? ட்ரெண்டிங்கை மட்டும் நம்பி அவர்களே தேர்தலுக்குப் போவதில்லை தோழர்களே!

நம் கட்சித் தலைமையைக் கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலுக்கு வருகிறவரைச் செல்போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொகுதியில் எத்தனை பூத், போன தடவை எந்த பூத்தில் ஓட்டு குறைந்தது, ஏன் குறைந்தது என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் சொல்கிறவருக்கு சீட் கொடுங்கள். ரீல்ஸ் எடுக்கிற தம்பிகளுக்கு ஐ.டி. விங்கில் நிறைய வேலை கிடக்கிறது.