நூலகத்தின் குரல்

பிற மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் பலர் தமிழ் பேசுகின்றனர், படிக்க அறியார். நூல்களோ வாய் திறவாமல் அடுக்கில் கிடக்கின்றன. கொல்கத்தா தேசிய நூலகத்தில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூற்சேகரம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய தமிழ் நூல்களும் அங்கே வந்து சேர வேண்டும். எடுத்துச் சொல்வாரின்றேல் அவற்றால் நமக்கு என்ன பயன்?

அயல்நாட்டுப் பொது நூலகங்கள் பல, உள்ளூர் எழுத்தாளரையும் ஓவியரையும் உரையாடச் செய்து, படிக்கத்தக்க நூல்களையும் சுட்டி, ‘பாட்காஸ்ட்’ என்னும் ஒலித்தொடராக வெளியிடுகின்றன. கைப்பேசியில் வேண்டும்பொழுது கேட்கலாம். நம் தமிழ்ச் சங்க நூலகங்களும் திங்களுக்கு ஒரு நூலையேனும் இவ்வாறு பேசச் செய்தல் வேண்டும். செவியால் சுவைத்த குழந்தை நூலைத் தேடி வரும். அன்று எழுத்தறிவிக்க நாம் ஆயத்தமாய் இருப்போமாக!