இலவசம் யாருக்கு? சலுகை யாருக்கு?

(திருவொற்றியூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

விவசாயப் பெருமக்களே, மீனவச் சொந்தங்களே!

"இலவசம் வாங்கியே விவசாயி சோம்பேறி ஆயிட்டான், வரி கட்டுறவன் நாங்க"ன்னு சில பெரிய மனுஷங்க பேசுறாங்க. டீசல், உரம், பூச்சிமருந்து எல்லாத்துக்கும் நாமும்தானே வரி கட்டுறோம்?

2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை 'ரேவ்டி', அதாவது எள்ளுமிட்டாய் என்று கேலி செய்தார். 2019 செப்டம்பரில் மற்ற சலுகைகள் வேண்டாமென்ற கம்பெனிகளுக்கு வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைத்தார்கள். இந்த வரிக்குறைப்புகளால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அது மிட்டாய் இல்லையாம், 'ஊக்குவிப்பாம்'!

அதே நேரம், "நான் ஏழைகளின் காவலன்" என்று மேடையில் முழங்குபவரிடமும் உஷாராக இருங்கள். பம்புசெட்டு மின்சாரம் எந்தத் தலைவரும் போட்ட பிச்சை அல்ல. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் நம்மவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் 1990இல்தான் வந்தது. 2003இல் அதிமுக அரசு அதை நிறுத்தியது. 2004 தேர்தலில் 39 தொகுதியும் கைவிட்டுப் போனபிறகு திருப்பிக் கொடுத்தது. போராட்டமும் ஓட்டும்தான் வாங்கித் தந்தது.

இன்னொன்று. "பட்டணத்தான் எல்லாம் நமக்கு எதிரி"ன்னு சொல்றவனையும் நம்பாதீங்க. பக்கத்துல அத்திப்பட்டில் பெரிய அனல்மின் நிலையம் இருக்கு. நம்ம மோட்டார் ஓடுற கரண்டுலயும் அதன் பங்கு உண்டு. அதன் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்ததால் இறாலும் நண்டும் போச்சு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் எண்ணூரில் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். இவர்களும் பட்டணத்து ஜனங்கள்தான். இவர்களா மேல்தட்டு?

லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு நஷ்டத்தை அடுத்தவன் தலையில் கட்டுகிறவனே மேல்தட்டு. அவனுக்கு ஊரும் இல்லை, பட்டணமும் இல்லை. நம் கரண்டுக்காக மீனவன் ஆறு சாகவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மீனவனும் நம் பம்புசெட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் மோதவிட்டால் யாருக்கு ஆதாயம்? யோசியுங்கள்!

பம்புசெட்டு மின்சாரத்தில் கை வைக்காதே!
கொசஸ்தலையில் சாம்பலைக் கலக்காதே!
கம்பெனிகளுக்குத் தந்த சலுகைக்குக் கணக்குக் காட்டு!

விவசாயி–மீனவர்–தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!