ஓலையும் ஒரு புள்ளியும்
(நம் சங்கத்தின் மறுகூடல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"டிஜிட்டல் போட்டோவை ஷார்ப் பண்றதைப் பத்திப் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். கபாலீசுவரர் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை உதாரணம் காட்டலாம். ஆனால் கோபுரத்தில் ஷார்ப்னஸ் கொஞ்சம் கூடிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓலைச்சுவடியில் அப்படி இல்லை. அதனால் உங்களை அடையாறு பக்கம் அழைத்துப் போகிறேன்.

1886ல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம், 1943ல் தொடங்கி இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூல்நிலையம், இரண்டிலும் சுவடிகள் உண்டு. ஓலை நொறுங்கும், பூச்சி அரிக்கும். நல்ல படம் எடுத்து வைப்பதுதான் காப்பு.

கேமராவில் 'ரா' ஃபைலாக எடுக்கிறோம். (ஓலையில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு கிடையாது, இந்த 'ரா'வே அங்கே 'ரர' என்றுதான் இருக்கும்!) சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். கோடாக்கில் இருந்த பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மற்ற இரண்டையும் மென்பொருள் பக்கத்து பிக்சல்களை வைத்து ஊகிக்கிறது. அதனால் படம் சற்று மழுங்கலாகத்தான் வரும். ஜேபெக்கில் கேமராவே தீட்டிக் கொடுத்துவிடும். ராவில் அது நம்ம தலையில்.

தீட்டுவது என்றால் என்ன? விளிம்பின் கரும்பக்கத்தை இன்னும் கறுப்பாக்கி, வெளுப்பை இன்னும் வெளுப்பாக்குவது, அவ்வளவுதான். இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. ரேடியஸ் கூடினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும்.

இங்கேதான் சிக்கல். ஓலை கிழியுமென்று ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைக்கவில்லை. நாம் அமௌண்ட்டை ஏற்றினால் தூசி, ஐஎஸ்ஓ இரைச்சல், சின்ன பூச்சித்துளை எல்லாம் எடுப்பான கறுப்புப் புள்ளியாகி எழுத்தின் தலையில் உட்காரும். 'க' என்று இருந்ததை 'க்' என்று படித்துவிடலாம் இல்லையா? பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டவர் உ.வே.சா. அந்த உழைப்புக்கு நடுவே கம்ப்யூட்டர் ஒரு பாடபேதத்தை நுழைக்கக் கூடாது.

என் வழக்கம் இது. முதலில் பக்கவாட்டு வெளிச்சம்: கீறலில் நிழல் விழுந்தாலே பாதி ஷார்ப்னஸ் வந்துவிடும். ஐஎஸ்ஓ 100. லைட்ரூமில் ரேடியஸ் 1.0க்கு மேல் போவதில்லை. மாஸ்கிங்கை ஆல்ட் கீயோடு இழுத்தால் தீட்டப்படும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். எழுத்து மட்டும் நிற்கும்வரை இழுங்கள். பார்வை 100 சதவிகிதத்தில். அச்சுக்குத் தனிப் பிரதி. தீட்டாத ரா ஃபைல் அப்படியே பத்திரமாக இருக்கட்டும்.

லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் டிபன் சமயத்தில் வாருங்கள், போட்டே காட்டுகிறேன்.