மாரல் பீரியடை கணக்கு சாரிடமிருந்து காப்பாத்த முடியுமா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். கேட்க நேரமில்லாதவர்கள் வாசித்துக்கொள்ளலாம்.)

இன்னைக்கு எடுத்திருக்கிற டாபிக் கொஞ்சம் சூடானது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பசங்களுக்கு ஸ்கூல்ல மதத்தைப் பத்தியும் அறத்தைப் பத்தியும் சொல்லிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம்னா எப்படி?

இந்தக் கேள்வியை எந்த கூட்டத்துல கேட்டாலும் ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "சாமி சமாச்சாரத்தை எல்லாம் வீட்டுல பார்த்துக்கட்டும், ஸ்கூல் எதுக்கு?" இன்னொண்ணு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுக்கமே இல்ல, கண்டிப்பா வேணும்." ரெண்டு தரப்பும் கவனிக்காத விஷயம், இதை உண்மையிலேயே செஞ்சு பார்த்த ஊர்கள் இருக்கு. ஒரு ஊர்ல கட்டாயப் பாடமாக்கி ஆறே வருஷத்துல வாபஸ் வாங்கினாங்க. இன்னொரு ஊர்ல ஒரு கொலைக்கு அப்புறம்தான் பாடத்தையே ஆரம்பிச்சாங்க. அந்தக் கதைகளைப் பார்த்துட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ஊர் மாரல் கிளாஸ்

நான் படிச்சது கிறிஸ்தவ நிர்வாகம் நடத்தற ஒரு உதவிபெறும் பள்ளி. வாரத்துக்கு ஒரு பீரியட், கத்தோலிக்கப் பசங்க மறைக்கல்விக்குப் போவாங்க. மத்த எல்லாரும் கிளாஸ்லயே உட்கார்ந்து மாரல் சயின்ஸ். ஒரே பெஞ்ச்ல, ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடற ரெண்டு பேர் அந்த நாற்பது நிமிஷம் மட்டும் தனித்தனியா போவோம். பக்கத்து ரூம்ல அவங்களுக்கு என்ன சொல்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு என்ன சொல்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது.

எங்க மாரல் புக்ல ஒரு கதை இருக்கும், கடைசியில நீதி ஒரு வரி இருக்கும். "பொய் சொல்லக் கூடாது." சரி சார், ஓகே சார். பத்தாவது வந்ததும் அந்த பீரியடே காணாமப் போயிடும். போர்ஷன் முடியலைன்னு கணக்கு சார் வந்து நிப்பார். உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இதுல சட்டம் என்ன சொல்லுது? அரசியல் சாசனத்தோட 28-வது பிரிவு. முழுக்க அரசுப் பணத்துல நடக்கிற பள்ளியில மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில நடத்தலாம், ஆனா யாரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது. மைனர் பிள்ளைன்னா காப்பாளர் சம்மதம் வேணும். அப்போ அரசுப் பள்ளியில மதத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாதா? அப்படி இல்ல. 2002-ல அருணா ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்குச்சு. வழிபாட்டையும் சடங்கையும் கத்துக் கொடுக்கிறது வேற, மதங்களைப் பத்திப் படிக்கிறது வேற. ரெண்டாவதை 28-வது பிரிவு தடுக்கலை.

ஆக, கதவு திறந்துதான் இருக்கு. உள்ள எப்படிப் போகணுங்கிறதுதான் கேள்வி.

சிங்கப்பூர்: கட்டாயப் பாடம், ஆறு வருஷம்

1980-கள் தொடக்கத்துல சிங்கப்பூர் வேகமா வளருது. பசங்க ஆங்கிலம் பேசறாங்க, மேற்கத்திய பழக்கவழக்கம் வருது. பொருளாதாரம் ஏறும்போது பண்பு இறங்கிடுமோன்னு அரசுக்கு ஒரு பயம். 1982-ல அப்போதைய கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ ஒரு திட்டத்தை அறிவிச்சார். உயர்நிலைப் பள்ளியோட மூணாவது, நாலாவது வருஷப் பிள்ளைகளுக்கு, அதாவது நம்ம கணக்குல ஒன்பதாவது, பத்தாவது வயசுப் பிள்ளைகளுக்கு, சமய அறிவுன்னு ஒரு பாடம். 1984-ல கட்டாயமாச்சு. பைபிள் அறிவு, பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், பிறகு சீக்கியம்னு பல பிரிவுகள், அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். மதமே வேண்டாங்கிற சீனப் பிள்ளைகளை மனசுல வச்சு கன்பூசிய அறநெறின்னு ஒரு பிரிவும் இருந்துச்சு. அதுக்குப் பாடம் எழுத வெளிநாட்டுல இருந்த பெரிய கன்பூசிய அறிஞர்களை வரவழைச்சாங்க.

எதிர்பார்த்தது வேற, நடந்தது வேற. அரசு ஆசையா வளர்த்த கன்பூசியத்தை விட பௌத்தத்தையும் பைபிளையும்தான் நிறைய சீனப் பிள்ளைகள் எடுத்தாங்க. இதோட இன்னொரு கவலையும் சேர்ந்துச்சு. அந்தக் காலகட்டத்துல ஊர்ல மதப் பிடிப்பு கூடுது, மத மாற்றப் பிரசாரம் கூடுதுன்னு பேச்சு. அரசே ஆய்வாளர்களை வச்சு ஆய்வு பண்ண வச்சது. பல மதம் இருக்கிற நாட்டுல, அரசுப் பள்ளியே பிள்ளைகளை மத வாரியாப் பிரிச்சு உட்கார வைக்கிறது சரிதானான்னு கேள்வி வந்துச்சு. 1989 அக்டோபர்ல, கட்டாயம் கிடையாதுன்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம், 1990-ல, மத நல்லிணக்கத்தைக் காக்கத் தனிச் சட்டமே போட்டாங்க. 1992-ல மதம் சாராத குடிமை, நன்னெறிக் கல்வி அந்த இடத்துக்கு வந்துச்சு.

என் பார்வையில இதுல ரெண்டு பாடம் இருக்கு. முதலாவது, அந்த வகுப்புல ஒரு தமிழ் இந்துப் பையன் இந்து சமயம் படிச்சிருப்பான், பக்கத்து மலாய்ப் பையன் இஸ்லாம் படிச்சிருப்பான். ரெண்டு பேரும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் என்ன தெரிஞ்சுக்கிட்டாங்க? ஒண்ணுமே இல்ல. எங்க ஸ்கூல் மறைக்கல்வி பீரியட் மாதிரியேதான், ஒரு நாட்டு அளவுல. இரண்டாவது, அது பரீட்சைப் பாடம். பரீட்சைன்னு வந்துட்டா அறம் கொஸ்டின் பேப்பர் ஆயிடும்.

பெர்லின்: ஒரு கொலைக்கு அப்புறம்

2005 பிப்ரவரி. பெர்லின்ல ஹதுன் சுருஜுன்னு 23 வயசுப் பெண். குர்தியக் குடும்பம். கட்டாயக் கல்யாணத்துல இருந்து வெளிய வந்து, குழந்தையோட தனியா வாழ்ந்து, எலக்ட்ரீஷியன் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்தாங்க. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல அவங்க தம்பியே சுட்டுக் கொன்னான். குடும்ப மானமாம்.

கொலையே கொடுமை. ஆனா பெர்லினை இன்னும் உலுக்கினது அடுத்து நடந்ததுதான். பக்கத்துப் பள்ளி ஒண்ணுல சில மாணவர்கள் அந்தக் கொலையை நியாயப்படுத்திப் பேசினாங்க. அங்கதான் கேள்வி பிறந்துச்சு: இந்தப் பசங்களோட இதைப் பத்திப் பேச ஸ்கூல்ல எந்த இடம் இருக்கு?

பெர்லின்ல மத வகுப்பு இருந்துச்சு. ஆனா விருப்பப் பாடம், அந்தந்த மத அமைப்பு நடத்தும், அவங்கவங்க பிள்ளைகள் போவாங்க. எல்லாரும் ஒண்ணா உட்காரும் இடம் இல்ல. அதனால 2006-ல ஏழாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எல்லாருக்கும் பொதுவா அறவியல் பாடத்தைக் கட்டாயமாக்கினாங்க. கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர், நம்பிக்கை இல்லாதவர், எல்லாரும் ஒரே ரூம்ல.

எதிர்ப்பும் வந்துச்சு. "அறவியலா, மத வகுப்பான்னு பிள்ளைங்க தேர்ந்தெடுக்கட்டுமே, ஏன் கட்டாயம்?"னு தேவாலயங்களோட ஆதரவோட ஒரு இயக்கம். விஷயம் 2009 ஏப்ரல்ல பொது வாக்கெடுப்பு வரைக்கும் போச்சு. ஓட்டுப் போட்டவங்க சுமார் 29 சதவீதம்தான். அதுலயும் "மாத்த வேண்டாம்"ங்கிற பக்கம் கொஞ்சம் கூடுதல். பொது வகுப்பு நிலைச்சது.

எதிர்த்தவங்க சொன்னதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். தன் மதத்தை உள்ளே இருந்து ஆழமாப் படிக்கிறதுல ஒரு பலன் இருக்கு. ஆனா அதுக்கு கோயில் இருக்கு, சர்ச் இருக்கு, மதரஸா இருக்கு, வீடு இருக்கு. அடுத்தவன் பிள்ளையோட ஒண்ணா உட்கார்ந்து "இது ஏன் தப்பு?"ன்னு பேச ஸ்கூலை விட்டா வேற இடம் இல்ல.

கியூபெக்: வாதத்துக்கு ஒரு பாடத்திட்டம்

கனடாவோட கியூபெக் மாகாணத்துல 2008 வரைக்கும் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட், நன்னெறின்னு மூணுல ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷம் மூணையும் எடுத்துட்டு, அறமும் சமயப் பண்பாடும்னு ஒரே பாடம் கொண்டு வந்தாங்க. சில பெற்றோர் "எங்க பிள்ளை குழம்பிப் போகும்"னு வழக்குப் போட்டாங்க. பல மதங்களைப் பத்தித் தெரிஞ்சுக்க வைக்கிறதே மத சுதந்திரத்தை மீறினதா ஆகாதுன்னு 2012-ல கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அந்தப் பாடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது, உரையாடலைக் கெடுக்கிற வழிகள்னு ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க. ஆளைத் திட்டறது, அவசரமா எல்லாரையும் ஒரே மாதிரின்னு சொல்றது, "எல்லாரும் சொல்றாங்க"ன்னு கும்பலைக் காட்டறது, சதித் திட்டம்னு கதை கட்டறது. மக்களே, இது அப்படியே நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்! பதினாலு வயசுப் பிள்ளை அந்தப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு பெரியப்பா ஃபார்வர்ட் பண்ற மெசேஜைப் படிச்சா எப்படி இருக்கும்?

அந்தப் பாடமும் நிலைக்கலை. மதம் நீர்த்துப் போகுதுன்னு ஒரு பக்கம் குறை, மதம் ரொம்ப அதிகம்னு இன்னொரு பக்கம் குறை. 2024-ல அதை எடுத்துட்டு பண்பாடும் குடியுரிமையும்னு வேற பாடம் வந்தாச்சு. ஒரே தடவையில சரியா அமையற டிசைன் இதுல யாருக்கும் கிடைக்கலை.

நமக்கு ஏன் இது அவசரம்?

பெர்லின் கதையைக் கேட்கும்போது உங்களுக்கும் அது தோணியிருக்கும். 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. வெட்டினதும் ஸ்கூல் பசங்க. அதுக்கு அப்புறம்தான் நீதியரசர் சந்துரு தலைமையில அரசு குழு போட்டுச்சு. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. சாதியைக் காட்டற கைக்கயிறு, நெத்தி அடையாளம் எல்லாத்தையும் பள்ளியில தடை பண்ணணும்னு சொன்னதை வச்சே நாலு நாள் டிவி விவாதம் ஓடுச்சு.

கயிறை அவிழ்க்க உத்தரவு போடலாம். அந்தப் பையன் அதை ஏன் கட்டினான்னு யார் கேக்கறது? எந்த பீரியட்ல?

திருக்குறள் இருக்கேன்னு சொல்லுவீங்க. உண்மைதான். அறத்துப்பால், பொருட்பால் 108 அதிகாரங்களையும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைக்கும் பாடத்துல சேர்க்கச் சொல்லி 2016-ல சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு. ஆனா குறளை அடிபிறழாம எழுதினா மார்க்குங்கிற வழக்கத்துல, அதை வச்சு வாதம் பண்ண நமக்கு நேரமே கொடுக்கலை.

அப்போ எப்படி நடத்தலாம்?

நான் டீச்சர் இல்ல, கோட் அடிக்கிறவன். ஆனா மேல பார்த்த மூணு ஊர்ல இருந்து எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

ஒண்ணு, பிரிக்காதீங்க. எல்லாப் பிள்ளைகளும் ஒரே ரூம்ல இருக்கணும். நம்பிக்கை இல்லாத பிள்ளைக்கும் அதே மரியாதை. பெரியார் பிறந்த மண்ணுல இதைத் தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டு, "நாம நம்பணும்" வேண்டாம், "இவங்க இப்படி நம்பறாங்க" போதும். அதுலயும் ஒரு மதத்தை ஒரே அச்சுல வார்க்கக் கூடாது. கிடா வெட்டற குலசாமியும் இந்து சமயம்தான், வெங்காயம் சேர்க்காத வீடும் இந்து சமயம்தான். வேளாங்கண்ணியில மொட்டை போடறவங்க இருக்காங்க, நாகூர் கந்தூரிக்குப் போற இந்துக்கள் இருக்காங்க. பிள்ளைகள் பார்க்கிற மதம் இதுதான். புக்ல மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கணும்?

மூணு, நீதியில முடியாதீங்க, கேள்வியில ஆரம்பிங்க. உதாரணத்துக்கு: கபடி மேட்ச் மதியம் மூணு மணிக்கு. உங்க பெஸ்ட் ரைடர் ரம்ஜான் நோன்புல இருக்கான். நீதான் கேப்டன். என்ன பண்ணுவ? அவன்கிட்ட கேட்பியா, நீயே முடிவு பண்ணுவியா, நேரத்தை மாத்தச் சொல்லி பி.டி. சார்கிட்ட பேசுவியா? ஒரு பீரியட் முழுக்க ஓடும். நோன்புன்னா என்ன, கடமைன்னா என்ன, ஒருத்தனுக்காக டீம் வளையலாமா, எல்லாம் தானா வரும்.

நாலாவதுதான் கஷ்டமானது: மார்க். மார்க் போட்டா மனப்பாடம், போடலைன்னா கணக்கு சார். பெர்லின்ல அறவியலுக்கு மதிப்பெண் உண்டு. நான் அந்தப் பக்கம்தான். ஆனா பிள்ளை எந்த முடிவுக்கு வந்தான்னு மார்க் போடக் கூடாது. தனக்குப் பிடிக்காத கருத்தை, அந்தக் கருத்து உள்ளவனே "ஆமா, இதைத்தான் சொல்றேன்"னு ஒத்துக்கிற மாதிரி எடுத்துச் சொல்ல முடியுதா? அதுக்கு மார்க் போடுங்க. அதை மனப்பாடம் பண்ண முடியாது.

"டீச்சரே ஒரு சாய்வோட பேசினா?"ன்னு கேட்பீங்க. நியாயமான பயம். அதுக்குத்தான் பயிற்சி வேணும், பாடப் புத்தகத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி பொதுவுல வைக்கணும், பெற்றோர் கேள்வி கேட்க வழி இருக்கணும். ஆனா ஒண்ணு. ஸ்கூல்ல யாரும் பேசலைன்னா பிள்ளைகள் மதத்தையும் சாதியையும் பத்தி எதுவும் கத்துக்க மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. ரீல்ஸ்ல கத்துக்குவாங்க, தெருமுனை பேனர்ல கத்துக்குவாங்க. அங்க எதிர்க்கேள்வி கேட்க ஆள் கிடையாது.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ அக்கா பசங்களோ இருந்தா, அந்தக் கபடி கேள்வியைக் கேளுங்க. பதில் சொல்லிக் கொடுக்காதீங்க, "ஏன்?"னு மட்டும் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசுவோம். அதுவரைக்கும், பார்த்துக்கோங்க மக்களே.