திரைக்குப் பின்னால் யார்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சினிமாப் படம். "கூத்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஏறாத எண்ணமெல்லாம் பாட்டின் மூலமாகவும் கூத்தின் மூலமாகவும் குழந்தைகள் மண்டையில் சுலபமாக ஏறிவிடுகின்றது. ஏறியதை இறக்குவதற்கோ ஒரு தலைமுறை போதுவதில்லை. ஆகவேதான் இதைப் பேசுகிறேன்.

நான் சொல்லும் படம் 1939-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் எம்.ஜி.எம். கம்பெனியார் வெளியிட்ட ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’, அதாவது ஆஸ் நாட்டு மந்திரவாதி என்பதாகும். 1900-இல் பிராங்க் பாம் என்பவர் எழுதிய கதையைப் பாட்டுப் படமாக ஆக்கினார்கள்.

கதை என்னவென்றால், டாரதி என்னும் சிறுமி சூறாவளியில் சிக்கி ஒரு அதிசய நாட்டுக்குப் போய்ச் சேருகிறாள். மூளை வேண்டுமென்கிற வைக்கோல் பொம்மையும், இருதயம் வேண்டுமென்கிற தகர மனிதனும், தைரியம் வேண்டுமென்கிற சிங்கமும் அவளோடு சேர்ந்து மகா மந்திரவாதியிடம் வரம் கேட்கப் போகிறார்கள். அங்கே நெருப்பு, புகை, பிரம்மாண்டமான தலை, இடி போன்ற குரல்! எல்லோரும் நடுங்குகிறார்கள். டாரதியின் நாய்க்குட்டி மாத்திரம் நடுங்கவில்லை. ஏனெனில், அதற்கு யாரும் புராணம் படித்துச் சொல்லவில்லை. அது நேரே போய்த் திரையைப் பிடித்து இழுக்கிறது. உள்ளே பார்த்தால் ஒரு சாதாரண மனிதன் யந்திரத்தைத் திருகிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறான்!

இன்றைக்கும் இங்கிலீஷ் பேசும் நாடுகளில் மறைந்திருந்து ஆட்டிவைக்கிற அரசியல்வாதியையோ முதலாளியையோ "திரைக்குப் பின்னால் இருக்கும் மனிதன்" என்று சொல்லுவது இந்தப் படத்தால் பரவிய வழக்குதான். அகப்பட்டுக்கொண்ட மந்திரவாதி என்ன வரம் கொடுக்கிறான்? பொம்மைக்கு ஒரு பட்டம், தகர மனிதனுக்கு ஒரு கடிகாரம், சிங்கத்துக்கு ஒரு மெடல்! வழியெல்லாம் யோசனை சொல்லி வந்தது அந்தப் பொம்மைதானே? தங்களிடம் இருந்ததையே பிறரிடம் பிச்சை கேட்கப் போனார்கள். அதைவிட நமக்கு வேறு பாடம் வேண்டுமா?

இந்தப் படத்துக்கு முதல் வெளியீட்டில் போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. 1956-இல் டெலிவிஷனில் காட்டி, 1959 முதல் வருஷந்தோறும் காட்ட ஆரம்பித்த பிறகு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் பண்டிகை போல் ஆகிவிட்டது. ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்பு ஜோடுகளில் ஒன்று 2005-இல் களவு போய், 2018-இல் அகப்பட்டு, 2024-இல் கமிஷன் உட்பட 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மூலக்கதையில் அது வெள்ளி ஜோடு. கலர்ப் படத்தில் எடுப்பாய்த் தெரிவதற்காகச் சிவப்பாக்கினார்கள். ஸ்டூடியோ ஜோடுக்கே இவ்வளவு மகிமை வருமானால், மற்றப் பாதுகைகளின் மகிமை எப்படி வந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் ஒரு சூனியக்காரி வருகிறாள். பச்சை முகம், வளைந்த மூக்கு, கறுப்புத் தொப்பி. மூலக்கதையில் அவளுக்குப் பச்சை முகம் கிடையாது. சினிமாக்காரர் பூசிய பச்சைதான் இன்றைக்குச் சூனியக்காரி வேஷத்துக்கே இலக்கணமாய்ப் போய்விட்டது. அதோடு, கெட்ட சூனியக்காரிகள்தான் அவலட்சணமாயிருப்பார்கள் என்று அழகான சூனியக்காரியின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அழகு குணமாம்! அவலட்சணம் குற்றமாம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கதை எழுதிய பாமின் மாமியார் மடில்டா ஜோஸ்லின் கேஜ் என்னும் அம்மையார், பெண்ணுரிமைக்கும் சுயசிந்தனைக்கும் பாடுபட்டவர். சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்களில் அறிவுள்ள பெண்களே அநேகர் என்றும், அதற்கு மதபீடமே பொறுப்பு என்றும் 1893-இலேயே புத்தகம் எழுதினவர். 2013-இல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது, இப்படத்தில் சூனியக்காரி செத்ததற்குப் பாடும் பாட்டை ஜனங்கள் வாங்கி, இங்கிலாந்தில் விற்பனையில் 2-ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மையாரின் கொள்கையை வெறுக்கக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஆண் மந்திரிக்கு இந்தப் பாட்டைப் பாடியிருப்பார்களா?

நம் நாட்டில் இது வெறும் பாட்டோடு நிற்கவில்லை. பீகாரில் 1999-இலும் ஜார்க்கண்டில் 2001-இலும் சூனியக்காரி என்று பெண்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. சட்டம் வந்தும் கொலை நிற்கவில்லை. இதற்கு அமெரிக்கப் படம் பொறுப்பென்று நான் சொல்ல வரவில்லை. அடிக்கிறவர்கள் அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். ஆனால் நாதியற்ற பெண்ணைக் கண்டால் சந்தேகி என்கிற புத்தி இரண்டிடத்திலும் ஒன்றேயாகும்.

சந்தோஷமான சங்கதியும் உண்டு. 1975-இல் கறுப்பு மக்களே நடித்து இக்கதையை ‘தி விஸ்’ என்னும் நாடகமாக்கினார்கள். 1995-இல் கிரெகரி மகுவயர், அந்தப் பச்சை முகக்காரியின் பக்கத்து நியாயத்தை ‘விக்கெட்’ என்று நாவலாக எழுதினார். அது 2003-இல் நாடகமாகி, 2024, 2025-இல் இரு பாகப் படமாகவும் வந்தது. அதில் அவள் கெட்டவளல்ல. கெட்டவளென்று பிரசாரம் செய்யப்பட்டவள்!

ஆகவே தோழர்களே! படம் பாருங்கள், பாட்டும் கேளுங்கள். ஆனால், ஒருவரைக் கெட்டவர் என்று காட்டினால், "யார் சொன்னது? அவருக்கு அதில் என்ன லாபம்?" என்று கேட்கக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். நான் சொன்னதையும் அப்படியே கேளுங்கள். அந்த நாய்க்குட்டிக்கு இருந்த துணிவு ஆறறிவு படைத்த நமக்கு இருக்கக்கூடாதா?