எண்ணூர் எண்ணெய்யும் ஏழையின் வாளியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தண்ணீர். அதுவும் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள தண்ணீர். நாள்தோறும் இதன் நாற்றத்தை அனுபவிக்கின்ற நமக்கு வேறொருவர் வந்து என்ன சொல்ல வேண்டியிருக்கின்றது என்று சிலர் நினைக்கலாம். நாற்றம் தெரியும், வாஸ்தவம். ஆனால் அது எங்கிருந்து வந்தது, எப்படிப் போக்குவது, போக்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்கின்ற மூன்றும் தெரியாத வரையில் மூக்கு இருந்தும் என்ன பிரயோஜனம்?

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் அடித்தது. மணலியில் வெள்ளம் ஏறிற்று. அந்த வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்து, காட்டுக்குப்பம் முதலான மீனவர் குப்பங்களில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்ததென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லிற்று. அப்படியிருந்தும் 'எல்லாம் இயற்கையின் சீற்றம், நம் தலைவிதி' என்று பெருமூச்சு விட்டவர்கள் நம்மிலேயே உண்டு. தோழர்களே, புயல் மழையைக் கொண்டுவரும், டீசலைக் கொண்டுவருமா? வானத்திலிருந்து எண்ணெய் பெய்ததாக எந்தப் புராணத்திலாவது உண்டா? புராணம் எழுதினவனுக்கே தோன்றாத அதிசயத்தை நாம் ஏன் நம்ப வேண்டும்?

பிறகு அதை வாரினது யார்? எண்ணூர் மீனவர்கள். ஆரம்பத்தில் கையுறைகூடச் சரியாக இல்லாமல், தங்கள் படகிலேயே போய், குவளையாலும் வாளியாலும் மொண்டார்கள். இதற்கு முன் 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதினபோதும் இதே கதைதான். முதலில் மாசு ஏதும் இல்லை என்று அறிக்கை வந்தது. பின்னால் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் குழம்பு வந்து ஒதுங்கிற்று. மனிதர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். இடையில் ஆறு வருஷங்கள் ஓடிவிட்டன. வாளி மட்டும் மாறவில்லை! கடலில் எண்ணெய்யைப் பரவவிடாமல் மறிக்கும் மிதவை வேலியும், மேலாக உறிஞ்சியெடுக்கும் யந்திரமும் உலகத்தில் இல்லாதவையல்ல. ஒருவன் அசுத்தம் செய்வது, இன்னொருவன் அதைக் கையால் அள்ளுவது என்கின்ற ஏற்பாடு இந்த நாட்டுக்கு ஆதிமுதல் பழகிப்போனதால், யந்திரம் வருமுன் மனிதனுடைய கை வந்துவிடுகின்றது. மீனவக் குடும்பத்துக்கு சர்க்கார் 12,500 ரூபாய் கொடுத்தது. அதனால் வலையைப் புதுப்பிக்கலாம். ஆற்றைப் புதுப்பிக்க முடியுமா?

நிற்க. கண்ணுக்குத் தெரிகின்ற எண்ணெய்யைவிடப் பொல்லாதது கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்குள் இருக்கின்ற எண்ணெய். 2013-ல் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போகின்ற பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுற்றுச்சூழல் பொறியியல் நிபுணர்கள் அங்கே ஆராய்ந்தார்கள். விஷயம் இதுதான்: நம் கடற்கரை மணலின் இடுக்குகளிலேதான் நிலத்தடி நீர் நிற்கின்றது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவையாதலால், அந்த நீர்மட்டத்தின்மேல் படலமாக மிதக்கும். கோடையில் நீர் இறங்கினால் தானும் இறங்கி மணலெங்கும் பூசிக்கொள்ளும்; மழையில் நீர் ஏறினால் ஒரு பங்கு மணலிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகையால் நாலு நாள் இறைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்பது வெறும் கண்துடைப்பு. சிக்கின எண்ணெய்யிலிருந்து பென்சீன் என்னும் சரக்கு நீரில் கரைந்துகொண்டே இருக்கும். அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். துணியில் வடிகட்டினால் போகாது.

இதற்குப் பரிகாரம் உண்டா என்றால், உண்டு. கிணறுகள் தோண்டி மிதக்கின்ற எண்ணெய்யை இறைப்பது முதல் வேலை. மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சுவது அடுத்தது. மிச்சத்துக்கு, எண்ணெய்யையே தின்று பிழைக்கின்ற நுண்ணுயிர்கள் மண்ணில் இயற்கையாகவே இருக்கின்றன. காற்றும், வயலுக்குப் போடுகின்ற தழைச்சத்து மணிச்சத்தும் கொடுத்தால் அவை பெருகி வேலை செய்யும். 1989-ல் அமெரிக்காவின் அலாஸ்கா கரையில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் உடைந்தபோது கரையில் பல இடங்களில் இந்த உரத்தைத் தூவினார்கள். பலன் இருந்தது. ஆனாலும் பத்து வருஷம் கழிந்தும் கற்களுக்கடியில் காற்றுப் படாத இடத்தில் எண்ணெய் அப்படியே இருந்தது. நம் எண்ணூரிலோ அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்குமேல் குச்சி குச்சியாக நிற்கின்றன. அவற்றின்மேல் எண்ணெய் பூசினால் மரம் மூச்சடைக்கும். மரம் போனால் இறால் குஞ்சுக்கு இடமேது? இறால் போனால் அதைக் கையால் தடவிப் பிடிக்கின்றவனுக்குச் சோறேது?

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். கெடுத்தவன் கொடுக்க வேண்டும். 1996-ல் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் பக்கத்து நீரைக் கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே நஷ்டஈட்டோடு நிலத்தையும் நீரையும் திருத்துகின்ற செலவையும் ஏற்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. அந்த வழக்கைக் கொண்டுபோனது சாதாரணக் குடிமக்களின் சங்கம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இதுதான். ஆலை ஓரத்துக் கிணறுகளையும் கழிமுகத்து நீரையும் மாதாமாதம் சோதிக்க வேண்டும். சோதனை முடிவைத் தமிழில் எழுதி, குப்பத்துப் பஞ்சாயத்தார் வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். மாதிரி எடுக்கின்றபோது நம் பிள்ளைகள் இரண்டு பேர் கூட நிற்க வேண்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிக்கின்ற பிள்ளைகளும், பெண்களும் எத்தனை பேர் இருக்கின்றீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.